ரேடியேட்டரை உரித்து பெயின்ட் அடிக்கக் கொடுத்தேன், 18,500 போச்சு

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய கார் பாகங்களில் இருக்கும் பெயின்ட்டை உரித்து, புது பெயின்ட் அடித்து, புதுசு மாதிரி ஆக்கித் தருகிறோம் என்று விற்பனைச் செயலிகளில் படம் போடுகிறார்களே, அப்படி ஒரு பட்டறையில் 18,500 கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பெயர் போடவில்லை. என்ன செய்தார்கள் என்பதை மட்டும் ஒன்று விடாமல் சொல்கிறேன், கொடுப்பதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

என் கார் இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. ஒவ்வொரு பாகமாகச் சரி செய்துகொண்டே வந்தேன். இன்ஜின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் ஹவுசிங், ஃபேன் கவர், இரண்டு மூன்று பிராக்கெட்டுகள், எல்லாவற்றிலும் பழைய பெயின்ட் செதில் செதிலாக எழும்பி, கூலண்ட் (இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம்) காய்ந்த வெள்ளைக் கறையோடு இருந்தது. ஆனால் ஒன்றுகூட ஒழுகவில்லை. பார்வைக்குத்தான் மோசம், வேலைக்கு எந்தக் குறையும் இல்லை.

பட்டறைக்காரர் ரேடியேட்டரை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஃபின் என்கிற மெல்லிய தகடுகள் மேல் ஒற்றை விரலைப் பட்டும் படாமலும் ஓட்டினார். "தம்பி, இது காகிதம் மாதிரி. பெயின்ட்டை எடுக்க மணல் அடிச்சா படுத்துடும். அலுமினியத்தைக் காஸ்டிக் தொட்டியில போட்டா அரிச்சிடும். கையாலதான் எடுக்கணும், மேல மெல்லிசா ஒரே ஒரு கோட்டு மேட் கறுப்பு, அவ்வளவுதான்." நான் கேட்க நினைத்திருந்ததை எல்லாம் அவரே சொல்லிவிட்டார். வேலை தெரிந்த மனுஷன் என்று அந்த நிமிஷமே நம்பினேன். முழுப் பணத்தையும் முன்னாடியே கேட்டபோதுகூட எனக்கு உறுத்தவில்லை, 18,500 அப்படியே அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு, வேலை முடியட்டும் தம்பி, சேர்த்தே தருகிறேன் என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

பத்து நாள் என்றது ஐந்து வாரம் ஆனது. வந்தபோது எல்லாமே கறுகறுவென்று மின்னியது. மினுக்கமில்லாத மேட் என்றாரே என்று ஒரு கணம் தோன்றியது, ஆனால் அழகாக இருந்ததால் விட்டுவிட்டேன். பூட்டினேன், கூலண்ட் ஊற்றி உள்ளே இருந்த காற்றை எல்லாம் வெளியேற்றினேன், வண்டியைக் கிளப்பினேன். 90 டிகிரி பக்கத்தில் நிற்க வேண்டிய வெப்பம் 20 நிமிஷத்தில் 110-ஐத் தாண்டியது. உடனே அணைத்தேன். அதற்குள் பம்ப் உட்காரும் இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுக ஆரம்பித்திருந்தது.

இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டரைத் திரும்பக் கழற்றி, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். நல்ல ரேடியேட்டரில் வெளிச்சம் வரிசை வரிசையாக இந்தப் பக்கம் வந்துவிடும். இதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊசிமுனை அளவுக்குத்தான் வந்தது. மீதி இடமெல்லாம் பெயின்ட் தடித்து, ஃபின்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கிடக்கின்றன. ஒரு மூலையில் காற்று மழையில் சாய்ந்த பயிர் மாதிரி அத்தனையும் ஒரே பக்கமாகப் படுத்திருக்கின்றன. காற்று நுழைய வழியே இல்லாதபோது சூடு எப்படி இறங்கும்?

கீழ் ஹோஸ் வாயில் ஒரு வெள்ளைத் தட்டை வைத்துத் தண்ணீர் விட்டு அலசினேன். தட்டின் அடியில் பழுப்பாக ஏதோ படிந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநற. மணல்! அடிக்கவே கூடாது என்று அவர் வாயாலேயே சொன்ன அதே மணல். ஹோஸ் வாயை அடைக்காமல் அடித்திருக்கிறார்கள், குழாய்க்குள் போன மணல் என் இன்ஜினுக்குள் 20 நிமிஷம் சுற்றியிருக்கிறது. பம்பைக் கழற்றினால் ஒழுகாமல் அடைக்கும் கேஸ்கெட் உட்காரும் முகம் முழுக்கக் கறுத்துப்போய்ப் பொத்தல் பொத்தலாக அரித்திருந்தது, மட்டமாக உட்கார இடமே இல்லை. பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உள்ளே இருக்கும் சீல் போனால் கூலண்ட் அந்த வழியாக வெளியே சொட்டும், பேரிங்குக்குள் போகாது, நமக்கும் தெரிந்துவிடும். அதையும் பெயின்ட் போட்டு அடைத்து வைத்திருக்கிறார்கள்.

ரேடியேட்டர் வேலை மட்டுமே செய்கிற ஒருவரிடம் எடுத்துப் போனேன். தொட்டித் தண்ணீரில் முக்கிக் காற்றடித்ததும் பிளாஸ்டிக் டேங்கும் ஃபின்கள் இருக்கும் நடுப்பாகமான கோரும் சேரும் இடத்தில் வரிசையாகக் குமிழி. தடிமனைப் பார்த்தால் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கும் பவுடர் கோட்டிங் மாதிரி இருக்கிறது, 180, 200 டிகிரி அடுப்பில் வைத்திருப்பார்கள், உள்ளே இருக்கும் ரப்பர் அந்தச் சூட்டில் செத்துவிட்டது என்றார். இனி ரேடியேட்டரும் பம்பும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். அது 18,500-க்கு மேல் தனிச் செலவு.

பட்டறைக்குக் கூப்பிட்டேன். முதல் நாள், "ஏர் சரியா எடுத்திருக்க மாட்டீங்க தம்பி." அடுத்த நாள், "வேலை பார்த்த பையன் லீவுல இருக்கான்." அப்புறம் மணலையும் டார்ச் வெளிச்சத்தையும் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. நாலு நாள் கழித்து வேறொரு ஆள் எடுத்து, நாங்கள் பெயின்ட்டுக்குத்தான் பொறுப்பு, ஒழுகினால் எங்களுக்குச் சம்பந்தமில்லை, பெயின்ட் உரிந்ததா என்று என்னையே திருப்பிக் கேட்கிறான். விற்பனைச் செயலியில் புகார் கொடுத்தால், பணம் எங்கள் வழியாக வரவில்லை, நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று இரண்டே வரி. நேற்று சாயங்காலம் பட்டறைக்காரரே எடுத்தார். "பழைய பொருள் தம்பி, நாங்க தொடலன்னாலும் போயிருக்கும்." ஒழுகாமல் கொண்டுபோய்க் கொடுத்த பொருளை! 18,500 வாங்கிக்கொண்டு!

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது கை ஓடவில்லை. முழுப் பணம் முன்னாடியே கொடுக்காதீர்கள். எந்த முறையில் உரிப்பார்கள், என்ன பெயின்ட், எத்தனை கோட்டு என்பதை எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு உதவாது. கொடுக்கும்போதே காற்றடித்துச் சோதித்து வீடியோ எடுத்து வையுங்கள், என்னிடம் அது இல்லாததால்தான் இப்படிப் பேசுகிறார்கள். திரும்ப வந்ததும் பூட்டாதீர்கள், முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள், தண்ணீர் விட்டு அலசி வெள்ளைத் தட்டில் பிடியுங்கள்.

நாளைக்கு அந்தத் தட்டு மணலையும் பம்பையும் எடுத்துக்கொண்டு நேரிலேயே போகிறேன்.