பழைய ஜயண்ட் டிசிஆர் அட்வான்ஸ்ட் ஃபிரேம்: வாங்கிப் பூட்டும் முன் பார்க்க வேண்டியவை

டிஸ்க் பிரேக் பரவிய பிறகு ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக்) கார்பன் ஃபிரேம்களை விற்பவர்கள் பெருகிவிட்டார்கள், வாங்குபவர்கள் குறைந்துவிட்டார்கள். கோலாலம்பூரில் பாகங்களைச் சேர்த்துச் சொந்தமாக ஒரு சைக்கிளைப் பூட்டிப் பார்க்க நினைப்பவருக்கு இது நல்ல நேரம். அதிலும் 2016 முதல் 2020 வரை விற்ற தலைமுறை, ஜயண்ட் நிறுவனத்தின் டிசிஆர் அட்வான்ஸ்ட் சாலை சைக்கிள் ஃபிரேம், எங்கள் முதல் பரிந்துரை. மேல் குழாய் பின்னோக்கிச் சரியும் இந்த வடிவத்தை 1990களின் இறுதியில் ஜயண்ட்டுக்கு வடிவமைத்தவர் மைக் பரோஸ். ஃபிரேம் விறைப்பாக இருக்கும், ஆனால் கையையும் முதுகையும் வதைக்காது.

ஒரு நிபந்தனை உண்டு. சீட் போஸ்ட்டும் அதன் கிளாம்ப்பும் ஃபிரேமோடு வர வேண்டும், ஃபோர்க்கின் தண்டு (தலைக்குழாய் வழியே மேலே வரும் பகுதி) போதிய நீளம் இருக்க வேண்டும். இந்த சீட் போஸ்ட் வட்டமானது அல்ல, பின்பக்கம் தட்டையானது. கடையில் தொங்கும் 27.2 மி.மீ. போஸ்ட் எதுவும் இதற்குள் போகாது. இவை இல்லாமல் விலை பேசுபவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

பெயரையும் கவனியுங்கள். அட்வான்ஸ்ட், அட்வான்ஸ்ட் புரோ, அட்வான்ஸ்ட் எஸ்எல் மூன்றும் வேறு. எஸ்எல்லில் சீட் போஸ்ட் ஃபிரேமோடு ஒன்றாக வார்க்கப்பட்டது, ஓட்டுபவரின் உயரத்துக்கு ஏற்ப வெட்டப்படுவது. முன்னாள் உரிமையாளர் உங்களைவிடக் குள்ளமானவர் என்றால், அவர் வெட்டிய உயரம் உங்களுக்குப் போதாது. புரோவில் ஃபோர்க் தண்டின் மேல்பகுதி 1¼ அங்குலம், அதற்குத் தனி ஸ்டெம் (கைப்பிடியைத் தண்டோடு இணைக்கும் துண்டு) தேடி அலைய வேண்டும். சாதாரண அட்வான்ஸ்ட்டில் மேலே 1⅛ அங்குலம்தான். எந்தக் கடை ஸ்டெம்மும் பொருந்தும். வெர்னியரால் தண்டை அளந்தால் 28.6 மி.மீ. வர வேண்டும். 31.8 வந்தால் அது வேறு மாடல். முதல் முறை பூட்டுபவருக்குச் சாதாரண அட்வான்ஸ்ட்டே போதும்.

பார்க்கப் போகும்போது டார்ச் விளக்கு, பத்துக் காசு நாணயம், 4, 5 மி.மீ. ஆலன் சாவி எடுத்துச் செல்லுங்கள். நாணயத்தின் விளிம்பால் மெல்லத் தட்டினால் நல்ல கார்பன் 'டிக்' என்று கூர்மையாக ஒலிக்கும், உள்ளே அடுக்குப் பிரிந்த இடம் 'தொப்' என்று மந்தமாக ஒலிக்கும். குழாயின் தடிமன் மாறும் இடங்களில் ஒலி இயல்பாகவே மாறும். அதனால் இடது பக்கம் தட்டிய அதே இடத்தை வலது பக்கமும் தட்டி ஒப்பிட வேண்டும். செயின் பக்கத்துப் பின்தண்டில் செயின் கடித்த தழும்பு, சீட் கிளாம்ப்பைச் சுற்றி மயிரிழை விரிசல், டெரெய்லர் (பின் கியர் மாற்றி) தொங்கும் ஹேங்கரின் வளைவு ஆகியவற்றைத் தவறவிடாதீர்கள். ஃபோர்க்கைக் கழற்றிப் பார்க்க விடாத விற்பனையாளரோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஆனால் நம் ஊரில் ஃபிரேமைக் கொல்வது விபத்தைவிட வியர்வைதான். கார்பன், அலுமினியம், உப்பு நீர் மூன்றும் தொட்டுக்கொண்டால் அது ஒரு மின்கலம், கரைவது அலுமினியம். பாட்டில் கூண்டுத் திருகின் அடியிலும் கேபிள் நுழையும் இடங்களிலும் வெள்ளைப் பொடி, பெயிண்ட் கொப்புளம் தெரிகிறதா பாருங்கள். பாட்டில் திருகுகள் நான்கையும் கழற்றிச் சுழலவிடுங்கள். திருகோடு சேர்ந்து உள்ளே இருக்கும் நட்டும் சுற்றினால் அதை மாற்ற வேலை இருக்கிறது. கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் மாதக்கணக்கில் டிரெயினரில் (வீட்டுக்குள் நின்ற இடத்தில் ஓட்ட உதவும் கருவி) பூட்டி ஓட்டிய ஃபிரேம்களில் இது அதிகம், ஏனென்றால் வியர்வை சொட்டுவது நேராக ஸ்டெம் மீதும் தலைக்குழாய் மீதும்தான். தூரம் குறைவு, வெளியே எடுத்ததே இல்லை என்று விற்பவர் சொன்னால் ஹெட்செட்டின் (தலைக்குழாயில் ஃபோர்க் சுழல உதவும் பேரிங் தொகுதி) மேல் பேரிங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். துருப்பிடித்த பேரிங்கை மாற்றிவிடலாம். அது அமரும் இடம் அரித்திருந்தால் ஃபிரேமை விடுங்கள்.

தண்டின் நீளத்துக்கு எளிய கணக்கு. ஃபோர்க்கை முழுவதும் உள்ளே தள்ளி, தலைக்குழாய்க்கு மேல் எத்தனை மி.மீ. நீண்டிருக்கிறது என்று காட்டும் படத்தை விற்பவரிடம் கேளுங்கள். ஹெட்செட் மூடிக்கு ஏறக்குறைய 10, ஸ்டெம்முக்கு 40. ஐம்பதுக்குக் குறைந்தால் ஸ்பேசர் (இடைவெளி வளையம்) இல்லாமல்கூடப் பூட்ட முடியாது. எண்பதாவது இருந்தால் கைப்பிடி உயரத்தை உங்கள் முதுகுக்கு ஏற்ப வைக்கலாம். நீங்கள் வெட்டுவதானால் ஸ்டெம்முக்கு மேல் 5 மி.மீ. ஸ்பேசர் ஒன்றை வைத்து, அதன் விளிம்புக்கு 3 மி.மீ. கீழே, நுண்பல் ரம்பத்தால் வெட்டுங்கள். தூசி நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் கட்டாயம். உள்ளே போடுவது விரியும் பிளக். இரும்புத் தண்டுக்கான நட்சத்திர நட்டை அடித்தால் கார்பன் கிழியும். பிளக், ஸ்டெம் பிடிக்கும் உயரத்திலேயே இருக்க வேண்டும்.

பாட்டம் பிராக்கெட் (கிராங்க் அச்சு சுழலும் இடம்) பிபி86 வகை: உள் விட்டம் 41, அகலம் 86.5 மி.மீ. ஷிமானோவின் 24 மி.மீ. கிராங்க்குக்கு இது நேராகப் பொருந்தும், அடாப்டர் தேவையில்லை. வாங்க வேண்டியது ஷிமானோவின் எஸ்எம்-பிபி72-41பி பேரிங் கப்கள். முதலில் துளையைத் துடைத்து, மூன்று திசைகளில் வெர்னியர் வைத்து அளக்கவும். எண்கள் மாறினால் துளை வட்டம் இழந்துவிட்டது, புதுக் கப்பும் கிறீச்சிடும். கப்பை அழுத்தும் கருவியால் மட்டுமே ஏற்றவும், சுத்தியல் வேண்டாம்.

அதற்கு முன் கேபிள்! கப் ஏறிய பிறகு கேபிளை வழிநடத்தக் கை போகாது. வெறும் ஃபிரேமாக வந்திருந்தால் ஒரு துளையில் தையல் நூலை விட்டு, மறு துளையில் வேக்கம் கிளீனரை வையுங்கள், நூல் சில நொடிகளில் வெளியே வந்துவிடும். அதில் கேபிளைக் கட்டி இழுக்கலாம். இரு கப்களுக்கும் நடுவே வரும் பிளாஸ்டிக் குழலுக்கு வெளியே கேபிள் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே அழுத்துங்கள்.

குரூப்செட்டுக்கு (கியர், பிரேக் பாகங்களின் தொகுப்பு) ஷிமானோ 105 ஆர்7000, 11 வேகம். புதிய 12 வேக 105 டிஸ்க்குக்கு மட்டுமே வருகிறது, இந்த ஃபிரேமுக்கு உதவாது. கோம்பாக்கிலிருந்து பழைய சாலையில் கெந்திங் செம்பா ஏறுபவர்கள் முன்னால் 50/34 பல், பின்னால் 11-30 பல் வைத்தால் முழங்கால் நன்றி சொல்லும். 32 பல் வேண்டுமென்றால் டெரெய்லரை நீள்கூண்டு ஜிஎஸ்ஸாக வாங்குங்கள். குறுங்கூண்டுக்கு வரம்பு 30.

முறுக்கு விசை: ஸ்டெம் 5 நியூட்டன் மீட்டர், கிராங்க் பக்கத் திருகு 12 முதல் 14, பிரேக் காலிப்பர் 8 முதல் 10, கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி) பூட்டு வளையம் 40. சீட் கிளாம்ப்புக்கு அதன்மீது அச்சிட்ட எண்ணே வேதம். போஸ்ட்டுக்கு கிரீஸ் தடவாதீர்கள். கார்பன் பேஸ்ட் தடவுங்கள். போஸ்ட் இறங்குகிறது என்று மேலும் மேலும் முறுக்கித்தான் கிளாம்ப் பகுதி விரிசல் விடுகிறது.

சக்கரம் அலுமினிய ரிம்மாக இருக்கட்டும். செம்பாவிலிருந்து நனைந்த சாலையில் இறங்கும்போது கார்பன் ரிம் தாமதமாகப் பிடிக்கும். காய்ந்த சாலையில் நீண்ட நேரம் பிரேக்கை அழுத்தியே இறங்கினால் சூட்டில் அதன் விளிம்பு மென்மையாகிவிடும். டயர் 25 மி.மீ.

மழையில் நனைந்த நாளில் சீட் போஸ்ட்டை உருவி, சைக்கிளைத் தலைகீழாக அரை மணி நேரம் நிறுத்துங்கள். பாட்டம் பிராக்கெட்டில் தேங்கும் நீர் அந்த வழியாகத்தான் வெளியேறும். உருவும் முன் போஸ்ட்டில் டேப் ஒட்டி உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.