வாட்ஸாப்பா, டிஸ்கார்டா? புது மாணவர்களை எங்கே கூட்டுவது?

கல்லூரியில் இடம் கிடைத்த நாளுக்கும் முதல் வகுப்புக்கும் நடுவே சில வாரங்கள் உண்டு. யாரையும் தெரியாதே என்ற பயமும், வேறு கல்லூரிக்கே போய்விடலாமா என்ற ஊசலாட்டமும் அப்போதுதான். அவர்களுக்கென்று ஒரு குழு தொடங்கலாம் என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது வாட்ஸாப்.

காரணம் சரிதான். ஏற்கெனவே போனில் இருக்கிறது, யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். பள்ளியை இப்போதுதான் முடித்த பெண்ணின் எண், முன்பின் தெரியாத ஆயிரம் பேர் கையில் இருக்கும். பெரிய குழுவுக்கு வாட்ஸாப் வேண்டாம் என்று நான் சொல்ல இது ஒன்றே போதும். இன்னொன்றும் உண்டு. இரவு பதினோரு மணிக்கு ஒருத்தி, "ஹாஸ்டலில் இஸ்திரிப் பெட்டி வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்கிறாள். அதன்மேல் நாற்பது 'ஹாய்', பத்து ஸ்டிக்கர். கேள்வி அடியில் போய்விடும். அடுத்த வாரம் வேறொருவர் அதையே கேட்பார்.

டெலிகிராமில் எண்ணை மறைக்கலாம், 2 லட்சம் பேர் வரை சேரலாம், புதிதாக வருபவர் பழைய பேச்சைப் படிக்கும்படியும் வைக்கலாம். ஆனால் கல்லூரிப் பெயரில் போலிக் கணக்கு தொடங்கித் தனிச்செய்தியில் பணம் கேட்பவர்கள் நுழைவதும் சுலபம். ஆள் போட்டுக் கண்காணிக்க முடியாதென்றால் அதைத் தொடாதீர்கள்.

டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலி 2015-இல் கேம் ஆடுபவர்களை நம்பி வந்தது. ஒரே குழுவுக்குள் ஹாஸ்டலுக்கு ஒரு சேனல் (தனி அரட்டை அறை), பாடப்பிரிவுக்கு ஒன்று, வெட்டி அரட்டைக்கு ஒன்று என்று பிரிக்கலாம். சீனியர்களின் பெயரைத் தனி நிறத்தில் காட்டலாம். யார் சொல்வதை நம்புவது என்று பார்த்ததும் தெரியும். போன் எண் வெளியே தெரியாது. குறை? முதல்முறை வருபவர் மலைத்துப்போவார். தொடக்கத்திலேயே இருபது சேனல் திறந்து வைத்தால் இருபதும் காலியாகக் கிடக்கும். நாலைந்தில் ஆரம்பியுங்கள்.

ஃபேஸ்புக் 2004-இல் ஹார்வர்டு மாணவர்களுக்காகவே தொடங்கியது. இன்று அங்கே பெற்றோரைத்தான் பிடிக்கலாம். அவர்களுக்கென்று தனிக் குழு வைக்க நல்ல இடம். அதே ஹார்வர்டில் 2017-இல், சேரவிருந்தவர்கள் ஃபேஸ்புக்கில் ரகசியக் குழு வைத்து ஆபாச, இனவெறி மீம்களைப் பகிர்ந்தார்கள். குறைந்தது பத்துப் பேருக்குக் கிடைத்த இடம் பறிபோனது. கல்லூரி நடத்தும் குழு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் பக்கத்தில் இன்னொன்று முளைக்கத்தான் செய்யும்.

என் ஓட்டு டிஸ்கார்டுக்கு. வாட்ஸாப்பை அறிவிப்புக்கு மட்டும், அட்மின் மட்டுமே எழுதும் சேனலாக வையுங்கள். அதில் பின்தொடர்பவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. அப்புறம், ராத்திரி ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை முறைவைத்து இரண்டு சீனியர்களை உட்கார வையுங்கள். சும்மா இல்லை, சம்பளம் கொடுத்து.