பி.டி.எஸ்.டி. கோச் செயலி: பாதி வேலையை நன்றாகவே செய்கிறது

இலவசம். கணக்கு திறக்க வேண்டாம், பெயரும் ஊரும் கேட்பதில்லை. நான் இறக்கிக்கொள்ள அதுவே போதுமான காரணம். பி.டி.எஸ்.டி. என்பது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகும் விடாமல் தொடரும் மனநலப் பாதிப்பு. அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையின் கீழ் இயங்கும் பி.டி.எஸ்.டி. தேசிய மையத்தின் செயலி இது, 2011-ல் வந்தது. நான் போர்முனையைப் பார்த்தவள் இல்லை, ராத்திரியில் பேருந்து கவிழ்ந்து உயிர் தப்பியவள். ஆனாலும் எனக்கும் பொருந்துகிறது.

முதலில் சுயபரிசோதனை. போன ஒரு மாதத்தில் எது எவ்வளவு படுத்தியது என்று 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். தூக்கம், கெட்ட கனவு எல்லாம் எதிர்பார்த்ததுதான். நடந்ததற்கு உங்களையோ பிறரையோ குற்றம் சொல்கிறீர்களா என்ற கேள்வியில்தான் விரல் நின்றுவிட்டது. ஜன்னலோரம் வேண்டுமென்று ஒரு அம்மாவிடம் கேட்டு இடம் மாறி உட்கார்ந்தவள் நான். அவருக்கு இன்னும் கால் சரியாகவில்லை. விபத்தை யாரும் என் தலையில் கட்டவில்லை, நானேதான் கட்டிக்கொண்டிருந்தேன். ஆங்கே ஏலர்ஸ், டேவிட் கிளார்க் என்ற இரு உளவியலாளர்கள் 2000-ல் சொன்னது இதைத்தான்: நடந்த சம்பவத்துக்கு மனம் என்ன அர்த்தம் கொடுத்துக்கொள்கிறது என்பது, அந்தப் பயம் ஓய்வதா நீடிப்பதா என்பதில் பெரிய பங்கு வகிக்கிறது. வரும் மதிப்பெண்ணை வைத்து நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மாதாமாதம் போட்டுப் பார்த்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும், அவ்வளவுதான்.

அறிகுறிகளைச் சமாளிக்கும் பகுதிக்கு முழு மார்க். என்ன பிரச்சினை என்று தொட்டு, தவிப்பு எவ்வளவு என்று குறித்தால், மூச்சுப்பயிற்சியோ தசைகளைத் தளர்த்தும் பயிற்சியோ வந்து நிற்கும். பிடிக்கவில்லையென்றால் வேறொன்று கேட்கலாம். பிரேக் கிரீச்சிட்டாலே கை வியர்க்கும் எனக்கு மூச்சுப்பயிற்சி கைகொடுத்தது. அதில் பேசும் குரல் கொஞ்சம் தூங்கி வழியும், பழகிவிடும்.

அடுத்தது ஆதரவுப் பகுதி. மனசு தாங்காதபோது கூப்பிட, போனில் இருக்கும் பெயர்களை அதில் சேர்த்துவைக்கலாம். சின்ன வசதிதான், ஆனால் யாரைச் சேர்ப்பது? மாமாவைக் கூப்பிட்டால், "உயிர் பொழச்சதே பெருசு, இன்னுமா அதையே நெனச்சிக்கிட்டிருக்க?" என்பார். தோழி ஒருத்தி விபத்தை விவரமாகச் சொல்லச் சொல்லிக் கேட்பாள், அப்புறம் வாரக்கணக்கில் ஆளே இருக்கமாட்டாள். அலுவலகத்தில் லீவு கேட்ட கதையை விடுங்கள். கடைசியில் அக்கா பெயர் மட்டும் ஏறியது.

இது என் சொந்தப் புலம்பல் மட்டுமில்லை. உளவியலாளர் கிறிஸ் ப்ரூவினும் சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி, பி.டி.எஸ்.டி. வரும் வாய்ப்பைக் கூட்டும் 14 காரணிகளை 2000-ல் ஒப்பிட்டார்கள். சிறுவயதுத் துயரம், முன்பே இருந்த மனநலச் சிக்கல் போன்றவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் சம்பவத்தின் கடுமை, பிறகு ஆதரவில்லாமல் போவது, அதன்மேல் வந்து சேரும் வாழ்க்கை நெருக்கடிகள் ஆகியவற்றின் தாக்கம் அவற்றைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. அதிர்ச்சியைச் சந்திக்கிற பெரும்பாலானோருக்கு பி.டி.எஸ்.டி. வருவதில்லை என்பதையும் சேர்த்து யோசித்தால், விபத்துக்குப் பிறகு ஒருவர் எந்த வீட்டுக்குத் திரும்புகிறார், அங்கே அவரை என்ன கேட்கிறார்கள் என்பது சில்லறை விஷயம் இல்லை. அதைச் செயலி மாற்ற முடியாது. பட்டனை மட்டும் கொடுக்கும், மறுமுனையில் எடுப்பவரைக் கொடுக்காது.

அதே மையம் குடும்பத்தாருக்கென்று தனியாக ஒரு செயலி வைத்திருக்கிறது. முதலில் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அக்கா போனில் ஏற்றிக்கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து, "நீ பஸ்ல ஏறமாட்டேன்னா பிடிவாதம்னு நெனச்சேன்டி" என்றாள். அதற்குப் பிறகு கூடவே வர ஆரம்பித்தாள், இரண்டு நிறுத்தம் வரைக்கும்.

குறை என்றால் மொழிதான். தமிழில் இல்லை. மாமாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வழியில்லை. சிகிச்சைக்கு மாற்றாக இதை எடுத்துக்கொள்ளவும் வேண்டாம், செயலியே அப்படித்தான் சொல்கிறது. ஒரு மாதம் தாண்டியும் தொந்தரவு விடவில்லையென்றால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். போகும்போது அந்த மதிப்பெண்களைக் காட்டினால் பேச்சைத் தொடங்குவது சுலபம்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். தமிழில் வந்தால் ஐந்து.