சுங்குவார்சத்திரம் அக்கா மெஸ்: மீன் குழம்பு பிரமாதம், ரசம் சுமார்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரம் பக்கம் வேலையாகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கம்பெனிகளுக்கு ஏ.சி. சர்வீஸ் பார்ப்பவன் நான். மதியச் சாப்பாடு பெரும்பாலும் இங்கேதான். கடைக்குப் போர்டு கிடையாது. கேட்டால் அக்கா மெஸ் என்று வழி காட்டுவார்கள்.

மீன் குழம்பு உள்ள நாளில் யோசிக்காமல் உட்காரலாம். மாங்காய் போட்டது, புளிப்பு தூக்கல். பொரியல் இரண்டாவது தடவை கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். ரசம்தான் இரண்டு மணிக்கு மேல் மிளகு போட்ட வெந்நீர். சாப்பாடு 90 ரூபாய், மீன் தனி.

இந்தக் கடைக்கு நான் கூடுதலாக ஒரு மார்க் போடுவது வேறு விஷயத்துக்கு. 2024 செப்டம்பர் 9இல் தொடங்கி அக்டோபர் 15 வரை இங்குள்ள சாம்சங் ஃபேக்டரி ஊழியர்கள் ஸ்ட்ரைக் செய்தார்களே, அப்போது அந்தப் பசங்களுக்கு அக்கா கடனுக்குச் சோறு போட்டார். கல்லா பக்கம் ஆணியில் ஒரு நீள நோட்டு தொங்கும். பெயருக்கு எதிரே 'சா' என்றால் சாப்பாடு, 'மு' என்றால் முட்டை. கடன் அடைந்ததும் குறுக்கே ஒரு கோடு. சரி, அக்கா ஸ்ட்ரைக் கட்சியா என்றால் அதுவும் இல்லை. "கம்பெனி ஆந்திராவுக்குப் போயிட்டா நான் யாருக்குடா சமைக்கிறது?" என்று திட்டுவார். திட்டிக்கொண்டே முட்டையும் வைப்பார். பசங்க தொடங்கிய தொழிற்சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' வரக்கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்து, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. அன்று பசங்க கொடுத்த லட்டை முதலில் வாங்கியதும் அக்காதான்.

பெஞ்சில் நடக்கும் பஞ்சாயத்து இலவசம். "சுப்ரீம் கோர்ட்டே ஸ்ட்ரைக் பண்ண உரிமை இல்லைன்னுடுச்சே" என்பார் ஒரு வேன் டிரைவர் அண்ணன். அது 2003 தீர்ப்பு. ஜெயலலிதா ஆட்சியில் ஸ்ட்ரைக் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் சட்டத்தில் வேலையை விட்டுத் தூக்கியபோது வந்தது. அரசு ஊழியர்களைப் பற்றியது. ஃபேக்டரி ஆட்களுக்குச் சட்டம் கதவைச் சாத்தவில்லை, நிபந்தனைதான் ஏறியிருக்கிறது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்புப்படி 14 நாள் முன்னரே நோட்டீஸ் தர வேண்டும்; பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் லீவு போட்டாலும் அது ஸ்ட்ரைக் கணக்கு. இதையெல்லாம் சொன்னதற்கு அவர், "அப்ப வாடகை ஏத்தச் சொல்லி நாங்க வண்டிய நிறுத்தினது?" என்றார். 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றவர்களின் அகவிலைப்படிக்காகவும் சேர்த்து பஸ்காரர்கள் ஸ்ட்ரைக்கில் இறங்கியபோது, கொழுப்பு என்று இதே பெஞ்சில் திட்டியவரும் இவர்தான். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு, "அது வேற, இது வேற தம்பி" என்று முடித்துவிட்டார்.

ஞாயிறு லீவு. ஜிபே உண்டு. கார் நிறுத்த இடமில்லை, பைக்கில் வாருங்கள். பன்னிரண்டே முக்காலுக்குள் உட்கார்ந்துவிடுங்கள், அப்புறம் கம்பெனி ஆட்கள் வந்தால் மீன் காலி.