முப்பது மடங்கு என்று சொல்லி வந்த லென்ஸ்

விலை 340 ரூபாய். ஆன்லைனில் வாங்கினேன். நகைக்கடைக்காரர்கள் கண்ணோடு ஒட்டிவைத்துக் கல் பார்ப்பார்களே, அந்த மடக்கு லென்ஸ்தான். பளபளவென்று குரோம் பூசிய உடம்பில் '30 எக்ஸ், 21 மி.மீ.' என்று பொறித்திருக்கிறது. விற்றவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே சாமானை இதே படத்தைப் போட்டு ஆளுக்கொரு பெயரில் விற்றுக்கொண்டிருக்கிறார்கள், ஒருவரை மட்டும் சொல்லி என்ன ஆகப்போகிறது.

நான் ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். தாவரவியல் படித்தவன் இல்லை. சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்னார், நடக்கிற வழியெல்லாம் செடி. மருமகன் போனில் ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்தார். படம் எடுத்தால் பேர் சொல்லுமாம். ஒரு வாரம் அதோடு சுற்றினேன். உப்புத்தரையில் கிடக்கிற செடியைக் காட்டினால் ஏதோ வெளிநாட்டுத் தொட்டிச் செடி என்றது. மறுநாள் அதே செடியைக் குனிந்து வேறு பக்கமிருந்து எடுத்தேன், வேறு பேர் வந்தது. வீட்டுக்கு ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு போய் ஆத்தாவிடம் நீட்டினேன். வாயில் போட்டு ஒரு கடி கடித்தார். "உமரிடா இது. இதக்கூடச் செல்லுக்கிட்டக் கேக்கணுமா?"

அதற்கப்புறம்தான் லென்ஸ். பேரை ஆத்தா சொல்லட்டும், நான் பார்க்கவாவது செய்வோம் என்று.

முதலில் அந்த 30 விஷயத்தை முடித்துவிடுகிறேன். இந்தக் கணக்கு எளிது. லென்ஸை வெயிலில் பிடித்து, கீழே காகிதத்தில் வெளிச்சம் ஒரு புள்ளியாகக் குவியும்வரை நகர்த்த வேண்டும். லென்ஸிலிருந்து புள்ளிவரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, 25-ஐ அதால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று தெரிந்துவிடும். நிஜமாகவே 30 மடங்கு என்றால் அந்தத் தூரம் ஒரு சென்டிமீட்டர்கூட வராது, எட்டு மில்லிமீட்டர்தான். கடை ஸ்கேலை வைத்து அளந்தேன். இரண்டரை சென்டிமீட்டர். அதாவது பத்து மடங்கு. விற்றவருக்கு எழுதிக் கேட்டதற்கு, கம்பெனி அப்படித்தான் அச்சடிக்கிறது என்று பதில் வந்தது. திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் அதற்குள் இரண்டு நாள் இதை வைத்துப் பார்த்துப் பழகியிருந்தேன். செடி பார்ப்பதற்குப் பத்து மடங்குதான் சரி. முப்பது இருந்திருந்தால் இலையோடு மூக்கை இடித்துக்கொண்டு, வெளிச்சமும் இல்லாமல், ஒரு கடுகளவு இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். பொய் சொல்லி நல்ல சாமானைக் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, பிடிக்கிற விதம். பூதக்கண்ணாடி மாதிரி கையை நீட்டிப் பிடித்து, ஒன்றுமே தெரியவில்லை என்று முதல் நாள் எரிச்சலாகிவிட்டது. ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் நகைப் பட்டறை வைத்திருக்கும் பழைய சிநேகிதர் ஒருவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "லென்ஸைக் கண்ணோட ஒட்டு. பாக்குற பொருளை அதுக்கிட்டக் கொண்டு வா. லென்ஸை நகத்தாத." அவ்வளவுதான். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தால் அதன் மேலேயே ஒட்டிக்கொள்ளலாம். ஒரு கையை இன்னொரு கையில் முட்டுக்கொடுத்துக்கொண்டால் ஆடாது.

முதலில் தெளிவாகப் பார்த்தது அரியமான் கடற்கரையில், சவுக்கு. பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். சவுக்கு இலை ஊசி மாதிரி இருக்கும் என்றுதான் நாற்பது வருடமாக நினைத்திருந்தேன். அது இலையே இல்லை. மெல்லிய குச்சி, கணுக்கணுவாக. ஒரு கணுவைப் பிடித்து இழுத்தால் கழன்று வரும். கழன்ற இடத்தை லென்ஸில் வைத்தால், கணுவைச் சுற்றிக் குட்டிக் குட்டிப் பல் மாதிரி நிற்கின்றன பாருங்கள், அதுதான் இலை. பேத்தி எண்ணினாள், ஏழு. இன்னொரு குச்சியில் எட்டு. நம் கடற்கரைச் சவுக்குக்கு ஆறிலிருந்து எட்டு வரை இருக்கும். தண்ணீர் வீணாகாமல் இருக்க இலையை இந்த அளவுக்குச் சுருக்கிக்கொண்டு, பச்சைக் குச்சியை வைத்தே தன் சாப்பாட்டைச் சமைத்துக்கொள்கிற மரம். வீடு வரும்வரை அவள் ஒடித்து ஒடித்து எண்ணிக்கொண்டே வந்தாள்.

அடும்பங்கொடிக்கு லென்ஸ் தேவையில்லை. நடுவில் பிளந்த இலையைப் பார்த்ததுமே தெரியும். சங்கப் பாட்டு அதை மான் குளம்பு என்றது, லத்தீன் பேர் ஆட்டுக்கால் என்கிறது. எங்கள் ஊரில் ஆடு நிறைய, ஆனாலும் எனக்கு மான்தான் பிடித்திருக்கிறது. கொழிஞ்சிக்கும் தேவையில்லை. ஒரு சிற்றிலையை நுனியைப் பிடித்து இழுத்தால் நேராகக் கிழியாது, அம்பு முனை மாதிரி 'வி' வடிவில் கிழியும். இராவணன் மீசையைக் கிட்டக் கொண்டுபோனால் கண்ணைக் குத்தும், வேண்டாம். அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. காற்றில் பந்து மாதிரி மணலில் உருண்டு போகிறதே, அது பெண் செடியின் கதிர்.

கீழாநெல்லிக்கு லென்ஸ் வேண்டும். மஞ்சள் காமாலைக்கு யாராவது வந்து கேட்டால் ஆத்தா பறித்துக் கொடுப்பார். இலைக்காம்பைத் திருப்பி, கீழே காய் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பறிப்பார். அந்தக் காய் எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்டதே இல்லை. லென்ஸில் பார்த்தால் அங்கே பூ இருக்கிறது. வெளிர்பச்சையும் வெள்ளையுமாக, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். இலைக்கணுவில் ஆண் பூ ஒன்று, பெண் பூ ஒன்று, புருஷன் பெண்டாட்டி மாதிரி பக்கத்தில் பக்கத்தில். ஆத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். புரை ஆபரேஷன் செய்த கண், கொஞ்ச நேரம் பிடித்தது. பார்த்துவிட்டு, "இத்தன வருசமா பூக்காமக் காய்க்கிற செடின்னுல்ல நெனச்சேன்" என்றார். ஆத்தாவுக்குத் தெரியாத ஒன்றை நான் காட்டியது அன்றைக்கு மட்டும்தான்.

காரங்காட்டுக்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தொண்டிப் பக்கம் இருக்கிற ஊர். வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். எல்லோரும் பறவை பார்த்தார்கள், நான் இலை பார்த்தேன். வெண்கண்டல் இலையின் மேற்புறத்தை வெயில் ஏறினபிறகு லென்ஸில் பாருங்கள். உப்பு, கட்டம் கட்டமாகப் படிகம், நிஜமான உப்பு. கடல் தண்ணீரை உறிஞ்சிவிட்டு, உப்பை இலை வழியாகக் கக்கிவிடுகிறது அந்த மரம். நாக்கில் வைத்தேன், கரித்தது. அடிப்புறத்தில் சாம்பல் வெள்ளையாகத் தெரிவது பொடி இல்லை, நெருக்கமான ரோமம். அடுத்து, முட்டுக்கால் ஊன்றி நிற்கிற சுரபுன்னை இலையைப் பார்த்தேன். மேலே உப்பு ஒன்றும் இல்லை. அது வேரிலேயே உப்பில் பெரும்பகுதியை வடிகட்டி நிறுத்திவிடுகிறது. ஒரே சேற்றில் நிற்கிற இரண்டு மரம், இரண்டு வழி. படகு ஓட்டிய தம்பி, "சார், லென்ஸு தண்ணிக்குள்ள விழுந்தா எடுக்க முடியாது, கயிறு கட்டிக்கங்க" என்றார். அதைக் கேட்டு வாங்கிய கறுப்புக் கயிறு இன்றும் அதில் தொங்குகிறது. வாங்குகிறவர்கள் முதலில் கயிறு கட்டுங்கள். பெட்டியில் தருவதில்லை.

பாசி சங்கதி கொஞ்சம் குழப்பம். நம் தமிழில் எல்லாமே பாசிதான். கிணற்றுச் சுவரில் இருப்பதும் பாசி, குளத்தில் மிதப்பதும் பாசி, கடலில் வளர்வதும் பாசி, கழுத்தில் போடுவதுகூடப் பாசி. எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த தங்கச்சி ஒருத்தி மண்டபம் பக்கத்துப் பெண், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கடலில் பாசி எடுத்தவள். அம்மா வீட்டுக்குப் போனபோது எனக்காக ஒரு பையில் ஈரத்தோடு கொண்டுவந்தாள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி, பக்கோடாப் பாசி. மரிக்கொழுந்து பாறையோடு ஒட்டிக் கிடக்கும். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கிப் பறிப்பார்கள். ஜெல்லி மாதிரி உறைகிற அகர் என்ற பொருள் எடுக்க அது போகிறது. தண்ணீருக்குள் கண் தெரியாத நேரத்தில் எது எது என்று விரலே சொல்லிவிடும் என்றாள்.

லென்ஸை அவளிடம் கொடுத்தேன். மரிக்கொழுந்தின் நடுத்தண்டில் இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி குட்டிக் கிளைகள். கட்டக்கோரை இலையின் மேல் வெள்ளையாக வலை பின்னின மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. அது பாசியே இல்லை, கூட்டமாக வாழ்கிற குட்டி உயிர்கள். அவள் வெகுநேரம் பார்த்தாள். "அண்ணே, இம்புட்டு வருசம் கையாலதான் பறிச்சேன். இப்பத்தான் இதுக மூஞ்சியப் பாக்குறேன்." அப்புறம் ஒரு கேள்வி கேட்டாள்: இதை வைத்துத் தரம் பிரித்தால் வியாபாரி விலை கூட்டிக் கொடுப்பாரா? என்னிடம் பதில் இல்லை.

கிணற்றுச் சுவர்ப் பாசிதான் தனிக்கதை. எங்கள் ஊர் வறட்சியில் அதெல்லாம் எங்கே இருக்கப்போகிறது என்று நினைப்பீர்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் பச்சை, மாசியில் கரிபிடித்த மாதிரி கறுத்துவிடும், செத்துவிட்டது என்று சுண்ணாம்பு அடிப்பார்கள். சித்திரையில் அந்தக் கரியைக் கொஞ்சம் பெயர்த்து உள்ளங்கையில் வைத்து லென்ஸில் பார்த்தேன். ஒவ்வொரு இலையும் பீடி மாதிரி சுருண்டிருந்தது. பேனா மூடியில் தண்ணீர் எடுத்து ஒரு சொட்டு விட்டேன். நூறு எண்ணுவதற்குள் பீடியெல்லாம் அவிழ்ந்து, விரிந்து, பச்சையாகிவிட்டது. வேர் என்று ஒன்று இல்லாத செடி, இலையாலேயே தண்ணீர் குடிக்கிறது. கடைக்கு வந்த ஒரு காலேஜ் பையனுக்குக் காட்டினேன். ஆதார் ஜெராக்ஸை மறந்துவிட்டுப் போய்விட்டான். குளத்துப் பாசியில் இப்படித் தண்டும் இலையும் தெரியாது, நூல்நூலாக வழவழப்பு மட்டும்தான். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கிற அறிவுக்கே 340 ரூபாய் கொடுக்கலாம்.

இனி குறைகள். குரோம் பூச்சு எங்கள் உப்புக்காற்றுக்குத் தாங்கவில்லை, நாலே மாதத்தில் திருகாணி துருப்பிடித்துவிட்டது. தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட்டபிறகு பரவாயில்லை. மடக்குக்குள் மணல் புகுந்தால் நறநறவென்று அரைக்கும். வேட்டி நுனியால் துடைத்தேன், கீறல் விழுந்தது, தப்பு என்னுடையது. மணலை முதலில் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். எங்கள் பக்கம் நல்ல தண்ணீருக்குக் குடம் கணக்கில் காசு கொடுக்கிறோம் என்பது வேறு விஷயம். கூட வந்த தோல் உறை தோல் இல்லை, மழையில் உரிந்துவிட்டது. ஓரத்தில் பார்த்தால் நிறம் பிரிந்து நீலமும் மஞ்சளுமாகத் தெரியும், நடுவில் சுத்தம். மூன்று கண்ணாடி ஒட்டிச் செய்த லென்ஸில் அது இருக்காது, விலை கூட. திறந்தபடி வெயிலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், காய்ந்த சருகில் பொசுங்கிய புள்ளியை நானே பார்த்தேன்.

இதையெல்லாம் எழுத லென்ஸைத் தேடினால் என்னிடம் இல்லை. ஆத்தாவின் சுருக்குப் பையில், வெற்றிலையோடு இருக்கிறது. ஆடு மேய்க்கிற பிள்ளைகள் காலில் முள் ஏறினால் நேரே ஆத்தாவிடம்தான் வருகிறார்கள். காலைத் தூக்கி மடியில் வைத்து, லென்ஸைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு, "கருவ முள்ளுடா, உள்ள ஒடிஞ்சிருக்கு" என்று ஊசியை எடுக்கிறார். திருப்பிக் கேட்டுப் பார்த்தேன், தரவில்லை. இன்னொன்று ஆர்டர் போட்டிருக்கிறேன், இந்த முறை '10 எக்ஸ்' என்றே எழுதினது. வந்ததும் ஸ்கேலை எடுத்து அளப்பேன்.