ஏடிவி ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றுகிறது, எஞ்சின் சுற்றவில்லையா? காசு கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

பினாங்கில் பழைய ஏடிவி (கரடுமுரடான பாதையில் ஓடும் நான்கு சக்கர வண்டி) வைத்திருப்பவர்களுக்கு, முக்கியமாக பாலிக் பூலாவ் பக்கம் மலைச்சரிவுத் தோட்டங்களில் ஓட்டுகிறவர்களுக்கு இந்தப் பதிவு. ஒரு பட்டறையில் எங்களிடம் 1,300 வெள்ளி (ரிங்கிட்) கறந்துவிட்டார்கள். கோளாறு இருந்த பாகத்தை அவர்கள் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. பட்டறையின் பெயரை இங்கே போடப் போவதில்லை, புகார் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. ஆனால் இதே வித்தையை எந்தப் பட்டறையிலும் காட்டலாம் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

வண்டி 500 சிசி, ஒற்றை சிலிண்டர், இருபது வயதைத் தாண்டியது. என் பெயரில் வாங்கியது, நிற்பது மாமா வீட்டில். அவர் வீட்டுக்குக் காரில் போகும் பாதை பாதியிலேயே முடிந்துவிடும். அரிசி மூட்டையிலிருந்து கேஸ் வரைக்கும் இந்த வண்டியில்தான் மேலே ஏற வேண்டும். டுரியான் சீசனில் இரவில் விழுந்த பழங்களை விடியற்காலையில் பொறுக்கி இறக்குவதும் இதில்தான். எந்த பிராண்டு என்று சொல்லவில்லை, இந்தக் கதையில் வண்டி மேல் குற்றம் எதுவும் இல்லை.

கோளாறு இதுதான். பட்டனை அழுத்தினால் மோட்டார் 'வ்ர்ர்ர்' என்று படுவேகமாகச் சுற்றும் சத்தம் மட்டும் வரும், எஞ்சின் அசையாது. விட்டு விட்டு அழுத்தினால் சில நேரம் 'டக்' என்று பிடித்து ஸ்டார்ட் ஆகிவிடும். கையால் ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்தால் எந்தத் தகராறும் இல்லாமல் உயிர் வந்துவிடும். கயிற்றில் ஸ்டார்ட் ஆகிறது என்றால் பெட்ரோல், ஸ்பார்க், கம்ப்ரஷன் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். மோட்டார் வேகமாகச் சுற்றுகிறது என்றால் மின்சாரம் மோட்டார் வரை வந்துவிட்டது என்று அர்த்தம். மிச்சம் இருப்பது மோட்டாருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் நின்று, மோட்டாரின் சுற்றை எஞ்சினுக்குக் கொடுக்கும் ஸ்டார்ட்டர் டிரைவ். பென்டிக்ஸ் என்றும் சொல்வார்கள்.

இதையெல்லாம் அப்படியே பட்டறைக்காரரிடம் சொன்னேன். அவர் வண்டிப் பக்கம் குனியக்கூட இல்லை. "பேட்டரி கோங் ஆயிடுச்சு பாஸ்" என்றார். மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, "சத்தத்துலயே தெரியும் பாஸ்" என்று பதில்.

சத்தத்தில் தெரியும்தான். அவருக்குத்தான் தெரியவில்லை, இல்லை தெரிந்தும் சொல்லவில்லை. பேட்டரி செத்திருந்தால் 'டிக் டிக் டிக்' என்று ரிலே (மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) அடித்துக்கொள்ளும், அல்லது மோட்டார் முக்கி முனகிச் சுற்றும். சுமையே இல்லாமல் கிறீச்சென்று சுற்றும் மோட்டாருக்குப் பின்னால் இருப்பது பல் பிடிக்காத டிரைவ்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பேட்டரியை முதலில் சோதிப்பது தப்பில்லை. மோட்டார் மந்தமாகச் சுற்றினால் இந்த வகை டிரைவ் வெளியே பாயாது, அதனால் பேட்டரியும் காரணமாக இருக்கலாம். ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்போது பேட்டரி முனையில் 9.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். இறங்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டியதுதான். சோதிப்பது வேறு, விற்பது வேறு.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேட்டரி 260 வெள்ளி, வண்டி அப்படியே. ரிலே 120, அப்படியே. கடைசியில் "மோட்டாரே போயிடுச்சு, புது மோட்டார் போட்டாத்தான் உண்டு" என்று 680. கூலி மொத்தம் 240. சுற்றுகிற மோட்டாரை எடுத்துவிட்டு இன்னொரு சுற்றுகிற மோட்டாரைப் போடுவதற்கு 680 வெள்ளி! ஏடிவியைச் சாலையில் ஓட்டிக்கொண்டு போக முடியாது, ஒவ்வொரு முறையும் லோரி பிடிக்க வேண்டும். அந்த லோரிக் கூலியை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. வண்டி மலையிலிருந்து இறங்கிவிட்டால் சும்மா திரும்பிப் போகாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும், அங்கேதான் பிடிக்கிறார்கள். புது மோட்டாருக்குப் பிறகும் அதே 'வ்ர்ர்ர்' வந்தபோது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும், 2,800 ஆகும் என்றார்கள். வண்டியை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

பட்டர்வொர்த்தில் மாமாவுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இப்போது வீட்டு முன்னால் தெரிந்தவர்களுக்கு மட்டும் பார்த்துக் கொடுக்கிறார். அவர் மாமா வீட்டுக்கே ஏறி வந்தார். பட்டனை அழுத்தச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்டார். "தம்பி, மோட்டார் சுத்துது, எஞ்சின் சுத்தல. இதுக்குப் போய் யாராச்சும் மோட்டார் மாத்துவாங்களா?" என்று சிரித்தார்.

எங்கள் வண்டியில் கயிறு இழுக்கும் பக்கத்து மூடியைக் கழற்றினாலே டிரைவ் தெரியும். ஒரு தண்டில் திருகுப் பள்ளம், அதன் மேல் ஒரு சின்னப் பல்சக்கரம். தண்டு திடீரென்று வேகமெடுக்கும்போது அந்தச் சக்கரம், போல்ட்டில் ஓடும் நட் மாதிரி முன்னால் ஓடி ஃபிளைவீல் (எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம்) பல்லைக் கவ்வும். எஞ்சின் பற்றிக்கொண்டு வேகமானதும் பின்னால் தள்ளப்பட்டு, ஸ்பிரிங் பிடிப்பில் பழைய இடத்தில் உட்கார்ந்துவிடும். எங்கள் வண்டியில் அந்தப் பள்ளம் முழுக்க பழைய கிரீஸும் மலைச் செம்மண்ணும் சேர்ந்து காய்ந்த களிம்பு. அண்ணன் ஸ்குரூடிரைவர் முனையால் சுரண்டினால் தார் போலப் பெயர்ந்து வந்தது. சுற்றி இருக்க வேண்டிய வளைய ஸ்பிரிங் இழுபட்டு, பள்ளத்திலிருந்து பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பல்லின் முன் விளிம்புகள் தேய்ந்து உருண்டை ஆகியிருந்தன.

ஃபிளைவீலையும் கையால் முழுச் சுற்று சுற்றவைத்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் அணைக்கும்போது கம்ப்ரஷனில் முட்டி, பெரும்பாலும் அதே இடத்திலேயே நிற்குமாம். அதனால் அந்த இடத்துப் பல்தான் அடிவாங்கும், ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்று சொல்லக் கூடாது என்றார். எங்களுக்கு அதிர்ஷ்டம், ஃபிளைவீல் தப்பித்திருந்தது. டிரைவ் புதுசு 190 வெள்ளி, ஆர்டர் போட்டு வரவழைத்தது. கூலி என்று அவர் கேட்டது 80. கிரீஸை விரலால் ஒரு மெல்லிய பூச்சுதான் தடவினார். அள்ளி அப்பினால் அதே மண் அதில் ஒட்டி அதே கதை ஆகும்.

எல்லா வண்டியிலும் இவ்வளவு சுலபம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல ஜப்பானிய ஏடிவிகளில் இந்த வேலையைச் செய்வது ஃபிளைவீலுக்குப் பின்னால் இருக்கும் ஒருவழி கிளட்ச். அதற்கு எண்ணெயை வடித்து, மூடியைத் திறந்து, புல்லர் போட்டு ஃபிளைவீலைக் கழற்ற வேண்டும், கேஸ்கெட்டும் மாற்ற வேண்டும். கூலி கூடத்தான் வரும், அது நியாயம். அந்தக் கிளட்சின் பல்சக்கரம் ஒரு பக்கம் லேசாகச் சுற்ற வேண்டும், மறு பக்கம் இறுகிப் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சுற்றினால் கிளட்ச் போய்விட்டது. இதை உங்கள் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

இனி எனக்கு வயிறு எரிந்த இடம். அண்ணன் அந்தப் 'புது' மோட்டாரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். மூக்குப் பகுதியில் இருக்கும் கறுப்பு ரப்பர் வளையத்தின் மேலேயே வெள்ளி நிற ஸ்பிரே பெயிண்ட் படிந்திருந்தது. எந்தத் தொழிற்சாலை ரப்பருக்குச் சாயம் அடிக்கும்? வயர் மாட்டும் முனையில் இருந்த நட்டின் மூலைகள் ஸ்பேனர் கடித்து மழுங்கிக் கிடந்தன. அது வேறு யாருடைய வண்டியிலிருந்து வந்ததோ, இல்லை எங்கள் பழைய மோட்டாரையே குளிப்பாட்டி மாட்டினார்களோ தெரியாது. பழைய மோட்டாரைக் கேட்டபோது "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு பாஸ்" என்று முடித்துவிட்டார்கள். பழைய சாமானை உங்களிடமே தர வேண்டும் என்று வேலை தொடங்குமுன் சொல்லி, பில்லில் எழுதியும் வாங்குங்கள். வண்டியை விடும் முன் மோட்டாரில் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்துப் படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பில்லில் 'நியூ ஸ்டார்ட்டர் மோட்டார்' என்று அவர்களே எழுதியிருந்தது கைகொடுத்தது. படங்களோடு மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டேன். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை, பிரச்சினை எழுந்து 3 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, கூலி வாங்கிச் செய்யும் வேலையில் நியாயமான கவனமும் திறமையும் இருந்தாக வேண்டும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: இந்தச் சட்டம் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வாங்குகிறவர்களுக்கானது. தோட்ட வியாபாரத்துக்காகவே கம்பெனி பெயரில் ஓடும் வண்டி என்றால் எதிர்த் தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். எழுதுவதற்குத் தயக்கமாக இருந்தால் முதலில் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் போய்க் கேளுங்கள்.

விசாரணைத் தேதிக்கு முன்பே பட்டறையிலிருந்து போன் வந்தது, இந்த முறை 'பாஸ்' இல்லை, 'சார்'. மோட்டார் காசும் கூலியும் வந்துவிட்டன. பேட்டரி நல்ல பேட்டரிதான், ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கு நான் கேட்கவில்லை. ரிலேவுக்கு வாங்கிய 120 வெள்ளியும் லோரிக் கூலியும் இன்னும் பேச்சில் இருக்கின்றன.