நோசிக்கா, ராத்பார்டா? மூலத்தறைத் தண்ணீரை வைத்து ஓர் அலசல்

நம்மை ஆளும் உரிமையை அரசுக்கு யார் கொடுத்தது? பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாத் தமிழர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. முதலில் கொச்சி சமஸ்தானம், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பர் 1 முதல் கேரளம். அங்குள்ள கொழிஞ்சாம்பாறை வீடுகளில் பேச்சு தமிழாகவே இருந்தது, அரசுதான் மாறியது. எந்த மாற்றத்துக்கும் வீடு வீடாக வந்து யாரும் சம்மதம் கேட்கவில்லை.

தனிமனித உரிமையே முதல் என்னும் சுதந்திரவாதிகள் இந்தக் கேள்வியில் இரண்டாகப் பிரிகிறார்கள். அரசே வேண்டாம் என்கிறார் அமெரிக்கப் பொருளியலாளர் முர்ரே ராத்பார்டு. அவருக்கு வரி என்பது பறிப்பு. காவலும் நீதியும்கூட விரும்பியவர் காசு கொடுத்துப் பெறவேண்டிய சேவைகள். அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1974இல் வெளியிட்ட நூலில், காவலையும் நீதியையும் ஒப்பந்தங்களையும் மட்டும் காக்கும் குறைந்தபட்ச அரசை ஏற்கிறார். அரசே இல்லாத இடத்தில் மக்கள் காசு கொடுத்து அமர்த்தும் பாதுகாப்பு நிறுவனங்களில் ஒன்று மற்றவற்றை விஞ்சி வளர்ந்து, யார் உரிமையையும் மீறாமலே அரசாகிவிடலாம் என்பது அவர் வாதம். அப்படிப் பிறந்த அரசு எங்கே இருக்கிறது என்று ராத்பார்டு மடக்கினார். நியாயமான கேள்வி. பொதுச்சாலையில் நடப்பதே அரசுக்கு மறைமுகச் சம்மதம் என்றார் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக். தூக்கத்தில் கப்பலில் ஏற்றப்பட்டவன் கடலில் குதிக்காததைச் சம்மதம் என்பதா என்று 1748லேயே ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் கேட்டுவிட்டார். சம்மதத்தைப் பொறுத்தவரை ராத்பார்டின் கைதான் ஓங்குகிறது.

தண்ணீரில் நிலைமை வேறு. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் தமிழ்நாடு கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தரவேண்டும். அது சித்தூர் தாலுகாவில் உள்ள மூலத்தறையில் கால்வாய்களாகப் பிரிகிறது. மேல்மடைக்காரர் ஒரு காவல் நிறுவனத்துக்கும், கடைமடைக்காரர் இன்னொன்றுக்கும் சந்தா கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மேலே மடையை அடைத்துவிட்டால் என்ன ஆகும்? இரு நிறுவனங்களும் பொதுவான நடுவரிடம் போகும் என்பார் ராத்பார்டு. அந்த நடுவர் யார் என்பதில் இழுபறி முடிவதற்குள் கதிர் வாங்கும் பயிர் கருகிவிடும். முன்கூட்டியே அமைந்த, இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பிடம் வேண்டும். இந்த இடத்தில் நான் நோசிக்கின் பக்கம்.

ஆனால் அவரோடும் முழுத்தூரம் போக முடியவில்லை. உழைத்து ஈட்டிய வருமானத்தின் மீதான வரியைக் கட்டாய உழைப்புக்கு நிகராக வைத்தவர் அவர். அவருடைய அரசு மடைச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்லும். வரிப்பணத்தில் ஆழியாறு அணையைக் கட்டாது, கால்வாயைத் தூர்வாராது. தண்ணீரே வராத வாய்க்காலில் நீதிபதிக்கு என்ன வேலை? அணைக்கும் கால்வாய்க்கும் வரி வாங்க அரசுக்கு உரிமை உண்டு என்றே நான் நினைக்கிறேன். அந்த வரிக்கு ஊராரின் சம்மதத்தை எப்படிப் பெறுவது என்பதற்கு இருவரிடமும் விடை கிடைக்கவில்லை.